சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வருமா?

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஓவியக் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு நிற வட்டம் இருக்கும். அச்சிட்டுக் கொடுத்த பன்னிரண்டு கட்டங்கள், அதற்குள் போஸ்டர் கலர். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், சிவப்பும் சிவப்பாக இருக்கும். ஊதா இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் ஊறவைத்த புளியின் நிறம். ஓரத்தில் 'இன்னும் கவனமாகக் கலக்கவும்' என்று ஒரு குறிப்பு.

பிள்ளையின் கவனத்தில் குறை இல்லை. அந்தப் பெட்டியில் இருந்த சிவப்பையும் நீலத்தையும் யார் கலந்தாலும் புளிதான் வரும். 'சிவப்பு + நீலம் = ஊதா' என்று வெண்பலகையில் எழுதிப்போடும் கணக்கில்தான் பிழை இருக்கிறது. எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று அந்தக் கணக்கு சொல்வதே இல்லை. நிறப் பாடத்தை வட்டத்தில் தொடங்காமல் இந்தக் கேள்வியில் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்களோடு, சமூக மன்றங்களில் ஓவியம் கற்பிப்போரும் வீட்டில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோரும் படித்தால் நல்லது.

வண்ணக் குழம்பு ஒளியை உண்டாக்குவதில்லை, விழுங்குகிறது. விழுங்கியது போக மிஞ்சும் ஒளிதான் நம் கண்ணுக்கு வருகிறது. பள்ளிக்கு வாங்கும் போஸ்டர் கலர் பெட்டிகளில் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த குங்குமச் சிவப்பு. அது நீல ஒளியை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். அதே பெட்டியின் நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலமாக இருந்தால், சிவப்பு ஒளியை அது விழுங்கும். ஊதா தெரிய வேண்டுமென்றால் சிவப்பு ஒளியும் நீல ஒளியும் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். இரண்டையும் ஆளுக்கொன்றாக விழுங்கிவிட்ட பிறகு மிஞ்சுவது சேறுதான். குங்குமச் சிவப்புக்குப் பதிலாக நீலப் பக்கம் சாய்ந்த மஜெண்டாவையும், தாலோ நீலத்துக்குப் பதிலாக ஊதாப் பக்கம் சாய்ந்த அல்ட்ராமரைன் நீலத்தையும் எடுத்துக் கலந்தால் நாவற்பழ நிறத்தில் தெளிவான ஊதா, எந்தப் பிள்ளையின் கையிலும், முதல் தடவையிலேயே வரும்.

எது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் தரமான குழாய்களின் பின்புறத்தில் நிறமியின் குறியீடு சிறிய எழுத்தில் இருக்கும். பி.பி. 29 (PB29) என்றால் அல்ட்ராமரைன், பி.பி. 15 (PB15) என்றால் தாலோ நீலம், பி.ஆர். 122 (PR122) என்றால் மஜெண்டா, பி.ஒய். 3 (PY3) என்றால் எலுமிச்சை மஞ்சள். முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழகான பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வேறு நிறமிகளை விற்பது வழக்கம்தான். பள்ளிக்கென்று வரும் பெரிய புட்டிகளில் பல நேரம் குறியீடே இருக்காது. அப்போது வெள்ளையைத் துணைக்கு அழையுங்கள். ஒரு பங்கு வண்ணத்துக்கு நாலு பங்கு வெள்ளை கலந்து தாளில் இழுத்துப் பார்த்தால் சாய்வு வெளியே வந்துவிடும். சிவப்பு வெளிறும்போது பீச் பழ நிறம் காட்டினால் ஆரஞ்சுப் பக்கம், பன்னீர் ரோஜா நிறம் காட்டினால் மஜெண்டா பக்கம். நீலம் வெளிறும்போது கடல்பச்சை தட்டினால் தாலோ, லேசாக ஊதா தட்டினால் அல்ட்ராமரைன். (அந்தக் காலத்தில் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலக்கட்டியும் அல்ட்ராமரைன்தான்.) மஞ்சளுக்கு வெள்ளை தேவைப்படாது. எலுமிச்சம்பழத்தையும் பழுத்த மாம்பழத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஆகவே மூன்று முதன்மை நிறங்களுக்கு ஆறு குழாய் வேண்டும்: எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு, மஜெண்டா, அல்ட்ராமரைன், தாலோ நீலம். கூடவே இரண்டு மடங்கு அளவில் வெள்ளை. கடையில் விற்கும் 12 வண்ணப் பெட்டியில் பச்சை, ஆரஞ்சு, ஊதா, பழுப்பு, கறுப்பு எல்லாம் தயாராக உட்கார்ந்திருக்கும். அவை கையருகே இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் கலக்காது, கலக்கச் சொன்னாலும் மனம் ஒட்டாது. பெட்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் அந்த ஐந்தையும் வகுப்பு முடியும்வரை எடுத்து வைத்துவிடலாம்.

முதல் நாள் வகுப்புக்கு ஆறும் வேண்டாம். எலுமிச்சை மஞ்சள், மஜெண்டா, தாலோ நீலம், வெள்ளை, அவ்வளவுதான். தொடக்கநிலை 3, 4 பிள்ளைகள் 40 பேர், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு அளவு சொல்கிறேன். இருவருக்கு ஒரு தட்டு, ஆக 20 தட்டு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஒரு தேக்கரண்டி, வெள்ளை ஒரு தேக்கரண்டி, மஜெண்டா அரைத் தேக்கரண்டி, நீலம் கால் தேக்கரண்டி. மொத்தமாக மஞ்சள் 100 மில்லி, வெள்ளை 100, மஜெண்டா 50, நீலம் 25 மில்லி செலவாகும். நீலத்தின் அளவைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். தாலோ நீலத்துக்கு வீரியம் அதிகம், மஞ்சளோடு சரிக்குச் சரி கலந்தால் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. தட்டு வெள்ளையாக இருக்கட்டும். விருந்துக்கு வாங்கிய நீலத் தட்டிலும் சிவப்புத் தட்டிலும் கலந்தால் கண் ஏமாந்துவிடும். தண்ணீருக்கு இரண்டு குவளை, ஒன்று தூரிகையை அலச, மற்றது அலசிய தூரிகையை மறுபடி முக்க. அலசியபின் துடைக்க ஒரு பழந்துணி. இந்த இரண்டாவது குவளையைத்தான் பல வகுப்புகளில் மிச்சம் பிடிக்கிறார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் எல்லா மஞ்சளும் பாசி பிடித்த மாதிரி ஆவதற்கு அதுதான் காரணம்.

முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: "சிவப்பை எதையாவது கலந்து உண்டாக்க முடியுமா?" முடியாது, அது முதன்மை நிறம் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். சரி என்று சொல்லிவிட்டு, மஜெண்டாவை ஒரு பங்கு எடுத்து அதில் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பங்கு மஞ்சள் சேர்வதற்குள் தட்டில் நல்ல சிவப்பு நிற்கும். பிறகு வேறொரு குழியில் மஜெண்டாவோடு நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, நிறம் வெளிப்பட ஒரு துளி வெள்ளை. முதலில் ஊதா வரும், தொடர்ந்தால் கருநீலம். 'முதன்மை' என்பது நிறத்தின் பிறவிக் குணம் என்று படித்தது பத்து நிமிடத்தில் ஆட்டம் கண்டுவிடும். மிகக் குறைந்த குழாய்களை வைத்து மிக அதிக நிறங்களைப் பெற எவை உதவுகின்றனவோ அவற்றுக்கு நாம் இட்ட பெயர்தான் முதன்மை நிறம். இதை இந்த வயதிலேயே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

நம்பாத பிள்ளைக்கு இந்த நாளிதழே சாட்சி. வண்ணப் படம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்க்கட்டும், அல்லது கைப்பேசிக் கேமராவை மிக அருகே கொண்டுபோய்ப் பெரிதாக்கட்டும். அமைச்சரின் முகம், மீன் கறி, பூமாலை எல்லாமே நான்கே வகைப் புள்ளிகளாக உதிரும். சியான் என்கிற பச்சை கலந்த வெளிர்நீலம், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு. சிவப்பு மை என்று ஒன்று அங்கே இல்லை. சிவப்பாகத் தெரியும் இடத்தில் மஜெண்டாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பக்கத்தின் விளிம்பில் சில நாள் சின்னச் சின்ன வண்ணக் குறிகள் தெரியும். நான்கு அச்சும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததா என்று அச்சகத்தார் பார்ப்பதற்கான அடையாளம் அவை.

மறுபடி வகுப்புக்கு வருவோம். அடுத்த வேலை ஏழு கட்டப் பட்டை. முதல் கட்டம் வெறும் மஞ்சள், ஏழாவது வெறும் நீலம், நடுவில் ஐந்து பச்சைகள். இங்கே எல்லாரும் செய்யும் தவறு சம அளவாகக் கூட்டிக்கொண்டே போவது: ஒரு துளி, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அப்படிச் செய்தால் முதல் கட்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே பெரிய தாவல், அப்புறம் எல்லாம் ஒரே இருண்ட பச்சை. இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் மஞ்சளுக்கு ஒரு துளி நீலம், அடுத்த கட்டத்துக்கு அதே அளவு மஞ்சளுக்கு இரண்டு துளி, பிறகு நாலு, எட்டு, பதினாறு. துளி என்றால் தூரிகை நுனியால் தொட்டு எடுக்கும் அளவு. கண் வித்தியாசத்தைக் கூட்டலாகப் பார்ப்பதில்லை, பெருக்கலாகப் பார்க்கிறது. எப்போதும் வெளிர் நிறத்தில் இருண்ட நிறத்தைச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால் புட்டி காலியாகும், பச்சை வெளுக்காது.

நம்மூர் ஈரப்பதம் இந்தப் பாடத்துக்கு ஓர் இடைஞ்சல். குளிர்சாதனம் இல்லாத வகுப்பில் தடித்துப் பூசிய போஸ்டர் கலர் மணி அடிக்கும்வரை காயாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். மெல்லப் பூசச் சொல்லுங்கள். நிறத்தை ஒப்பிடும் வேலையைக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் இருளும், நீர்வண்ணம் வெளிறும். போஸ்டர் கலர் இரண்டும் செய்யும். வெளிர் நிறங்கள் கொஞ்சம் இருண்டும், இருண்ட நிறங்கள் கொஞ்சம் வெளிறியும் காயும். ஈரத்தில் சரியாக இருந்தது காய்ந்ததும் மாறிவிட்டதே என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தட்டில் மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்ற வேண்டாம், ஒரே வாரத்தில் பூசணம் பிடித்து நாறும்.

வெளிச்சத்தைக் கூட்ட வெள்ளை, குறைக்கக் கறுப்பு என்று சொல்லிக்கொடுப்பதும் பாதிதான் சரி. வெள்ளை சேர்த்தால் நிறம் வெளுக்கும், கூடவே சுண்ணாம்பு பூசியதுபோல் உயிரும் போகும். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் இருண்ட மஞ்சள் வராது, ஆலிவ் பச்சை வரும். மஞ்சளை இருட்ட வேண்டுமா, அதன் எதிர் நிறமான ஊதாவைத் துளி சேர்க்க வேண்டும். வெளிச்ச அளவைக் கற்பிக்கச் சாம்பல் பட்டை வரைய வைப்பார்கள், அதிலும் இதே சிக்கல்தான். கறுப்பையும் வெள்ளையையும் சரிபாதி கலந்தால் நடுச் சாம்பல் வராது, கரிய சாம்பல்தான் வரும். கண்ணுக்கு நடுவாகத் தெரியும் சாம்பல், மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளை ஐந்தாறு பங்குக்குக் கறுப்பு ஒரு பங்கு என்று தொடங்கிச் சரிபார்த்துக்கொண்டே போவது நல்லது.

நிறத்தின் பெயர், அதன் வெளிச்ச அளவு, அதன் செறிவு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர். 1905ல் அவர் வகுத்த முறை இன்றும் மண்ணின் நிறத்தை அளக்கவரை பயன்படுகிறது. மூன்றில் பிள்ளைகளுக்கு எட்டாதது வெளிச்ச அளவுதான், நேரத்தை அதற்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும். அதைக் காட்ட நம் 50 வெள்ளி நோட்டைவிட நல்ல கருவி இல்லை. அதன் பின்பக்கத்தில் ஓவியர் சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த கருவாடு காயவைக்கும் காட்சி இருக்கிறது. நோட்டு மொத்தமும் நீலச் சாயலில் இருந்தும் ஆளும் பொருளும் பிரிந்தே தெரிகின்றன. அந்த வேலையைச் செய்வது நிறம் இல்லை, வெளிச்சமும் இருளும். பிள்ளை தன் ஓவியத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கட்டும். பூவும் இலையும் ஒரே சாம்பலாகிவிட்டால், சிவப்பும் பச்சையும் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் ஓவியம் தூரத்தில் கலங்கித்தான் தெரியும். கைப்பேசி இல்லாத வகுப்பில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, 'ஸ்கின் கலர்'. பல வண்ணப் பெட்டிகளில் அந்தப் பெயரில் வருவது வெளிர் பீச் நிறம். நம் பிள்ளைகள் அதைக் கொண்டே அம்மா, அப்பா, தாத்தா எல்லாரையும் தீட்டுகிறார்கள். கூடாது என்று சொல்வதைவிடக் கலக்கக் கற்றுக்கொடுப்பது மேல். மஞ்சள் மூன்று பங்கு, மஜெண்டா ஒரு பங்கு சேர்த்து ஆரஞ்சு செய்துகொண்டு, அதில் தாலோ நீலத்தை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தால் பழுப்பு இறங்கும். மனிதத் தோல் எல்லாம் இந்தப் பழுப்பின் உறவுதான். கூடவோ குறையவோ வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் பக்கம் அல்லது மஜெண்டா பக்கம் தள்ளினால் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று வகுப்பு முழுவதையும் அந்த ஒரு தட்டிலிருந்தே எடுக்கலாம்.

சரிபார்க்கும் முறை முக்கியம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து, கலந்த நிறத்தை அதன்மேல் ஒரு பொட்டு வைத்து, புறங்கைமேல் பிடித்துப் பார்க்க வேண்டும். பொட்டு தோலில் கரைந்து மறைந்தால் நிறம் சரி. தனித்துத் தெரிந்தால் இன்னும் சிவப்பா, இன்னும் இருட்டா என்று பக்கத்துப் பிள்ளையே சொல்லும். முதல் முறை யாருக்கும் பொருந்தாது, நாலாவது ஐந்தாவது பொட்டில் பொருந்தும். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் தோலை உள்ளதைவிட வெளிராகவும் மஞ்சளாகவும்தான் முதலில் கலக்கிறார்கள். கரிய தோலுக்குக் கறுப்பைச் சேர்ப்பது பெரிய தவறு, சாம்பல் பூத்துப் பச்சை தட்டிவிடும். நீலமும் மஜெண்டாவும் சேர்த்துத்தான் இருட்ட வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்தவரின் கரிய கன்னத்தில் விழும் மினுக்கத்தைப் பார்த்தால் அது வெள்ளையாக இராது, வானத்தின் நீலம் அதில் இருக்கும். இந்த வேலைக்கு மட்டும் முழு வகுப்பு ஒன்றை ஒதுக்கலாம். இதைச் செய்து முடித்த பிள்ளைக்கு மூன்று நிறம் சேர்ந்த 'சேறு' அப்புறம் குப்பையாகத் தெரியாது.

நிறம் பக்கத்து நிறத்தால் மாறுவதைப் பட்டுக்கடையில் பழகிய கண்ணுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே அரக்குக் கரை, பச்சை உடலில் எரியும், மாம்பழ மஞ்சள் உடலில் அடங்கிப்போகும். பாரிசில் கொப்லான் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூல் கறுப்பாக இல்லை என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. 1839ல் அவர் வெளியிட்ட பெரிய நூல் அங்கிருந்து பிறந்தது. வகுப்பில் இதைச் செய்ய வண்ணம் வேண்டாம், தாள் போதும். சீனப் புத்தாண்டு முடிந்ததும் வீட்டில் சேரும், பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகளையும், நோன்புப் பெருநாளின் பச்சை உறைகளையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். இருபது சிவப்பு உறைகளைக் கொடுத்து, குங்குமப் பக்கத்திலிருந்து மஜெண்டா பக்கம்வரை வரிசைப்படுத்தச் சொன்னால் தொடக்கத்தில் பேசிய 'எந்தச் சிவப்பு' என்ற கேள்வி கையில் வந்து நிற்கும். பிறகு ஒரே சாம்பல் தாளில் இரண்டு சென்டிமீட்டர் சதுரங்கள் இரண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்பு உறைமேலும் மற்றதைப் பச்சை உறைமேலும் ஒட்டட்டும். ஒன்றில் பச்சை படர்ந்த மாதிரியும் மற்றதில் சிவப்பு படர்ந்த மாதிரியும் தெரியும். உறை பளபளப்பாக இருந்தாலோ தங்க எழுத்து குறுக்கிட்டாலோ விளைவு கெடும், வெறுமையான பகுதியாகப் பார்த்து வெட்ட வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஒரு புதுக் குழப்பம் வருகிறது. அங்கே ஒவ்வொரு மாணவரிடமும் மடிக்கணினி போன்ற கற்றல் சாதனம் இருக்கிறது. திரையில் சிவப்பையும் பச்சையையும் முழு அளவுக்கு ஏற்றினால் மஞ்சள் வருகிறது. தட்டில் அதே இரண்டும் பழுப்பாகின்றன. யார் சொல்வது பொய்? திரை ஒளியைக் கூட்டுகிறது, குழம்பு ஒளியைக் கழிக்கிறது, அவ்வளவே. விரல் நுனியால் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றைத் திரைமேல் வைத்தால் அது உருப்பெருக்கியாகி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். (துளி என்றால் கடுகளவு, சாதனம் பள்ளியுடையது.) இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு, பாடத்தில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எட்டு சென்டிமீட்டர் அட்டை வட்டத்தில் பாதி மஞ்சள், பாதி அல்ட்ராமரைன் பூசி, நடுவில் பல்குத்தும் குச்சியைச் செருகிப் பம்பரமாகச் சுற்றுங்கள். பச்சை வராது, சாம்பல்தான் வரும். 1850களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இப்படிச் சுழலும் வட்டுகளை வைத்துத்தான் நிறக் கலவையை அளந்தார். இங்கே குழம்பும் கலக்கவில்லை, ஒளியும் கூடவில்லை, கண் சராசரி எடுக்கிறது. மயில்கழுத்துப் பட்டும் இந்தக் குடும்பம்தான். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். இழைகள் தனித்தனியாகவே இருக்க, துணியை அசைக்கும்போது எந்த இழை நம் பக்கம் திரும்புகிறதோ அது ஓங்குகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்றாலே இந்தப் பாடத்தைக் காட்டிவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்ப் பிள்ளை யாராவது, "ஆரத்திக்கு மஞ்சளோடு வெள்ளைச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகிறதே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அது நிறக் கலவை இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டதும் வேறு நிறம் கொள்கிறது, எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பிவைக்கலாம்.

நிற வட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஐந்தாறு வகுப்புக்குப் பிறகு, தாங்களே கலந்து காய்ந்த பொட்டுகளை வெட்டி, பக்கத்துப் பொட்டோடு எது ஒட்டும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கினால் வட்டம் தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பிள்ளையின் வட்டமும் கொஞ்சம் கோணலாக இருக்கும், இருக்கட்டும். சுவரில் ஒட்டும்போது அதன் அடியில் எந்தக் குழாய், எத்தனை பங்கு என்று எழுதியிருந்தால் மதிப்பெண் போடவும் எளிது.

கடைசியாக ஒன்று. ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை, பெண்களில் மிக அரிது. அப்படியென்றால் 40 பேர் வகுப்பில் ஒரு பையனாவது அப்படி இருக்க வாய்ப்பு அதிகம், அது அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். பச்சை மரத்தைப் பழுப்பாகத் தீட்டுகிறான், வரிசைப்படுத்தச் சொன்னால் தடுமாறுகிறான் என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் நிறத்தோடு ஒவ்வொரு பாதைக்கும் எழுத்துக் குறியும் போட்டிருப்பதைப்போல, வகுப்புக் குழாய்களின் மூடியில் நிறத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தாள் நாடாவும் ஒரு பேனாவும் போதும். அவனுக்கு வெளிச்ச அளவு பெரும்பாலும் மற்றவர்களைப்போலவே தெரியும், சாம்பல் பட்டையிலும் கறுப்பு வெள்ளைப் படத்திலும் அவன் பின்தங்கமாட்டான்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
ஈசூன்.